பெட்டியோடு சேர்த்து எடை

தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளர் என்று ஒரு வேலை உண்டு. கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்க வேண்டும். எடை குறைந்தாலோ, எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றாலோ வழக்குப் போட வேண்டும். திருநெல்வேலி வட்டாரத்தில் அந்த வேலையில்தான் எனக்குத் தலை நரைத்தது.

அல்வா ஊரில் ஸ்வீட் கடைச் சோதனைக்குப் பஞ்சமே கிடையாது. எலக்ட்ரானிக் தராசில் காலிப் பெட்டியை வைத்து 'டேர்' பொத்தானை அழுத்தினால் திரை பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதற்கப்புறம் அல்வாவை அள்ளி வைத்தால் காட்டுவது அல்வாவின் எடை மட்டும்தான். ஒரு விநாடி வேலை. கூட்ட நேரத்தில் சில கடைகளில் அந்த விநாடியைத்தான் மிச்சம் பிடிப்பார்கள். நான் நிறுத்துப் பார்த்ததில் காலியாகவே 70 கிராம் தேறிய ஒரு கிலோ பெட்டிகளும் உண்டு. கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அட்டைக்கு நாம் கொடுப்பது 21 ரூபாய். 'பெட்டிக்குத் தனியா காசு வாங்கலையே சார்' என்று முதலாளி முகம் கோணாமல் சொல்வார்.

தராசு வருடத்துக்கு ஒருமுறை முத்திரைக்கு வரவேண்டும். சரிபார்ப்புச் சான்றிதழ் கடையில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் தொங்கவேண்டும். பெரும்பாலும் தொங்கும், சாமி படத்துக்குப் பின்னால். அந்தத் தராசிலும் பழுதிருக்காது. சரியான தராசில் தப்பாக நிறுப்பதை எந்த முத்திரை தடுக்கும்?

தடுப்பது வாங்குகிறவர் வாய்தான். அங்கேதான் நம் ஆட்களுக்குக் கூச்சம். பஸ்ஸில் சீட்டுக்கு மல்லுக்கட்டுகிறவர், பழகின கடையில் 'அண்ணாச்சி என்ன நெனப்பாவ' என்று பேசாமல் வந்துவிடுவார். கூச்சப்படாத ஆச்சி ஒருத்தியை டவுனில் பார்த்தேன். 'ஏய்யா, அட்டையவா திங்கப் போறேன்? அத எடுத்துட்டு நிறு' என்றாள். பையன் மறுபேச்சு இல்லாமல் எடுத்தான். பின்னால் நின்ற நாலைந்து பேருக்கும் அப்படியே நிறுத்தான். எங்கள் நோட்டீஸுக்கு அந்த வேகம் என்றைக்கும் வந்ததில்லை.

பஸ் ஸ்டாண்டில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 'கூலிங் சார்ஜ்' போட்டு 25 வாங்குவார்கள். புகார் சொல்ல வருகிறவரின் முதல் கேள்வி, 'எனக்கு என்ன சார் கிடைக்கும்?' நியாயமான கேள்விதான். நாங்கள் விதிக்கிற தொகை அரசாங்கக் கஜானாவுக்குப் போகும், அவருடைய 5 ரூபாய் திரும்பி வராது. இதைச் சொன்னதும் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போகவேண்டும். அது தனி வாசல்.

அந்த வாசல் தெரியாமல் எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்தான் பத்தமடை டீச்சர். ஓய்வு பெற்றவர். மதுரையில் வாங்கிய மிக்ஸி ஒரே வாரத்தில் புகைந்துவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்ததைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நல்லவேளை, பில் கையில் இருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், கேட்டும் பில் தராமல் இருப்பதும், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம். பழைய சட்டமாக இருந்தால் டீச்சர் மதுரைக்கு அலைந்திருக்க வேண்டும். இப்போது குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டால் போதும்.

இதைச் சொல்லி அனுப்பினேன். டீச்சரே கைப்பட எழுதினார், பரீட்சை விடைத்தாள் போல மார்ஜின் விட்டு. ஆணையத்திலிருந்து நோட்டீஸ் போனதும் கடைக்காரர் சமாதானத்துக்கு வந்தார். மிக்ஸி விலையைத் தந்துவிடுகிறேன், முடித்துக்கொள்வோம் என்றாராம். டீச்சர் விடவில்லை. போகவர பஸ் செலவு, ஆட்டோ செலவு எல்லாம் சேர்த்து ஒரு கணக்கை நீட்டியிருக்கிறார்.

'ஆட்டோவுக்கு ஏது டீச்சர் பில்லு?' என்று கேட்டேன்.

'ஏன், எழுதி வாங்குனேன். டிரைவர் தம்பி முதல்ல சிரிச்சான். கையெழுத்துப் போட்டாத்தான் துட்டுன்னேன், போட்டுட்டான்' என்றார்.