கற்பனை நகரத்தை அழிக்க வண்டல் போதும்

பெங்களூரில் ஞாயிறுதோறும் கூடி மாய உலக ஆட்டம் (கற்பனை உலகம் வரைந்து, அதில் பாத்திரமேற்றுக் கதை வளர்க்கிற விளையாட்டு) ஆடுகிற நம்ம தமிழ்க் கூட்டத்துக்கு: ஆற்றுத் துறைமுக நகரம் வரைகிறவர்கள், அதை டிராகன் எரித்ததாக முடித்துவிடாதீர்கள். வண்டல் போதும்.

கொற்கையைப் பாருங்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த மண்ணால் கடல் விலகி, இன்று ஊர் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்துக்கும் நீர்வழி தூர்ந்தது. வணிகம் ஆண்ட்வெர்ப்புக்குப் போனது.

ஆட்டத்தில் இப்படி வையுங்கள். முகத்துவார ஆழம் 20 அடி. சரக்கோடு பெரிய கப்பல் 12 அடி மூழ்கும், அடியில் 2 அடி இடைவெளி வேண்டும். மேலே மலைக்காட்டை வெட்டினால் ஆண்டுக்கு அரை அடி தூரும். 12 ஆண்டில் ஆழம் 14 அடி. அதன்பின் பெரிய கப்பல் ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏறக் காத்திருக்கும். அப்புறம் வெளியிலேயே நங்கூரம் போட்டு, தோணியில் சரக்கை மாற்றும்.

கதை செழிக்கிற இடம் இதுதான். தோணிக்காரர்கள் கூலியை ஏற்றுவார்கள், கிட்டங்கி வாடகை விழும். சுங்கம் குறைந்த அரசன் வரியைக் கூட்டுவான். வணிகர்கள் அடுத்த கழிமுகத்துக்கு நகர்வார்கள்.

மந்திரத்தால் தூர்வாரலாம். ஆனால் கூலி யார் தருவது, வாரிய மண்ணை எங்கே கொட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஆற்றின் மேல்புறக் கரையில் கொட்டினால் அடுத்த வெள்ளத்தில் அதே மண் திரும்ப வரும்.