அடுக்களையில் கிடந்த தண்ணீர் பாட்டில்

1992-இல் எனக்கு 12 வயது. கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கன்னியர் மடத்து ஹாஸ்டலில் அம்மா சமையல் வேலை பார்த்தார். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். நான் மலையாளம் மீடியம். சாயங்காலம் மடத்து வராந்தாவில் கிடக்கும் மலையாளப் பேப்பரை எடுத்து, அம்மா காய் நறுக்கும்போது தமிழில் சொல்லிச் சொல்லி வாசிப்பது என் வேலை.

அந்த மார்ச் 27 தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கோட்டயத்தில் பத்தாம் பியூஸ் கான்வென்ட் கிணற்றில் சிஸ்டர் அபயாவின் உடல் கிடந்த செய்தியை மறுநாள்தான் வாசித்தேன். ப்ரீ டிகிரி, அதாவது இப்போதைய பிளஸ் டூ மாதிரி, படித்துக்கொண்டிருந்த சின்னப் பெண். பேப்பரில் "துரூஹ மரணம்" என்று போட்டிருந்தது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் "விளங்காத சாவு" என்றேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பரீட்சைக்குப் படிக்க விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்கிறாள். முகம் கழுவத் தண்ணீர் எடுக்க அடுக்களைக்குப் போயிருக்கிறாள். அங்கே பிரிட்ஜ் கதவு திறந்தபடி. தண்ணீர் பாட்டில் தரையில் விழுந்து கிடக்கிறது. செருப்பு ஒன்று ஒரு இடத்தில், இன்னொன்று வேறிடத்தில். தலையில் போடும் முக்காட்டுத் துணி கதவில் சிக்கியிருக்கிறது. கதவு வெளிப்பக்கம் கொண்டி போட்டிருக்கிறது.

"சாகப் போற புள்ள எதுக்குக் கண்ணு தண்ணி பாட்டில எடுக்குது?" என்று அம்மா கேட்டார். "சாகறதுன்னு எந்திரிச்சவளுக்கு மொகம் கழுவற நெனப்பு வருமா? போனவ கதவுக்கு வெளிய கொண்டி போட்டுட்டா போவா?"

உள்ளூர் போலீஸும் பின்னர் கிரைம் பிராஞ்சும் அது தற்கொலை என்று முடித்தன. அம்மா எந்தப் பெரிய விசாரணையும் செய்யவில்லை. 15 வருஷம் ஒரு அடுக்களையை விடியும் முன் திறந்தவர். எந்தச் சாமான் எங்கே இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். பால் பாத்திரத்தின் மூடி நகர்ந்திருப்பதை வைத்தே பூனை எந்த ஜன்னல் வழியாக வந்தது என்று சொல்லிவிடுவார்.

மடத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரி ஜெபம் முடிந்தால் மறுநாள் காலைப் பூசை வரைக்கும் மௌனம். அம்மா வேலை பார்த்த இடத்தில், அந்த நேரத்தில் அடுப்புக்குத் தீப்பெட்டி வேண்டுமென்றால் கூட சிஸ்டர்கள் கையால் உரசிக் காட்டித்தான் கேட்பார்கள். அம்மாவும் அதைப் பழகிவிட்டார். எதைப் பார்த்தாலும் முதலில் மடத்துத் தலைவியான மதரிடம்தான் சொல்ல வேண்டும். மதர் சொல்லச் சொன்னால்தான் மதிலுக்கு வெளியே பேச்சு. அவர்கள் நல்லவர்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு ராத்திரி கஞ்சி வைத்துக் கொடுத்த கைகள் அவை. ஆனால் அந்த மாதிரி ஒரு வீட்டுக்குள் ஒரு உயிர் போனால், நாலு மணிக்கு ஒரு சத்தம் கேட்டவள் என்ன செய்வாள்? சொல்லச் சொல்லும்வரை காத்திருப்பாள். கோட்டயத்து வழக்கு 28 வருஷம் இழுத்ததற்குப் பணம், செல்வாக்கு, அதிகாரிகள் என்று எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். அதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். அந்தப் பழகிப்போன மௌனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன். நாங்களும் கோயில் குடும்பம்தான். அதனால்தான் இது எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

1993-இல் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. ஜோமோன் புத்தன்புரைக்கல் என்ற ஒரு மனிதர் விடாமல் கோர்ட் படி ஏறிக்கொண்டே இருந்தார். சி.பி.ஐ. ஒன்றுக்கு மேற்பட்ட முறை வழக்கை மூடப் பார்த்தது. கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. 2008-இல் இரண்டு பாதிரியார்களையும் ஒரு கன்னியாஸ்திரியையும் கைது செய்தார்கள். பாதிரியார்களில் ஒருவர் பின்னால் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2019-இல்தான் விசாரணை தொடங்கியது. சாட்சிகள் சிலர் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். இதற்குள் அந்த அடுக்களையில் கிடைத்த சாமான்களும் அழிக்கப்பட்டுவிட்டன. அம்மா மனசுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த செருப்பு, முக்காட்டுத் துணி எதையும் கோர்ட் கையில் எடுத்துப் பார்க்க முடியாமல் போயிற்று.

கடைசியில் ஒரு திருடரின் வார்த்தைதான் பெரிய பலமாக நின்றது. அன்று ராத்திரி அவர் கான்வென்ட் மொட்டை மாடிக்கு ஏறியது இடிதாங்கியின் செம்பைக் கழற்ற. அங்கே ஆட்களைப் பார்த்திருக்கிறார். கொலையை நீயே செய்ததாக ஒத்துக்கொள் என்று போலீஸ் அடித்ததாகவும், பணம் தருவதாக ஆசை காட்டியதாகவும் அவரே பின்னால் சொன்னார். ஒத்துக்கொள்ளவும் இல்லை, பார்த்ததை மாற்றிச் சொல்லவும் இல்லை.

2020 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. கொரோனா காலம், எல்லோரும் வீட்டில் இருந்தோம். திருவனந்தபுரம் சி.பி.ஐ. கோர்ட் ஒரு பாதிரியாரையும் ஒரு கன்னியாஸ்திரியையும் குற்றவாளிகள் என்று சொன்னது. மறுநாள் ஆயுள் தண்டனை. தலையில் அடித்துக் கிணற்றில் போட்டார்கள் என்ற சி.பி.ஐ.யின் வாதத்தைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. மலையாளச் சேனலில் அந்தத் திருடர் பேசிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நான் தமிழில் சொன்னேன், அதே பழைய வேலை.

"காசு வாங்கலையா அந்தாளு?"

"இல்லம்மா."

"நல்லா இருக்கட்டும் சாமி" என்று டிவியைப் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம், "அந்தப் புள்ளையோட அப்பனும் ஆத்தாளும் கேட்டாங்களா?" என்றார். அவர்கள் இருவரும் 2016-லேயே போய்விட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேனலே சொல்லிவிட்டது. அம்மா ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

2022 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை நிறுத்திவைத்து, மேல்முறையீட்டுக்கு இடையே இருவருக்கும் ஜாமீன் கொடுத்தது. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

1992-க்குப் பிறகு அம்மா ஒரு காரியம் செய்தார். பரீட்சை மாதங்களில் வீட்டுக்கு வராமல், மதரிடம் கேட்டு, ஹாஸ்டல் அடுக்களையிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்வார். ஏன் என்று மதர் கேட்கவில்லையாம். தலையை மட்டும் ஆட்டினாராம். நாலு மணிக்கு எந்தப் பிள்ளை வந்தாலும் விளக்கு எரியும், அடுப்பில் கட்டன்காப்பி இருக்கும். வேலையை விடும்வரைக்கும் அப்படித்தான். வேலையை விட்டும் பழக்கம் விடவில்லை.

இந்த மார்ச்சில் என் மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை. நாலு மணிக்கு அலாரம் அடித்ததும் அவள் தண்ணீர் பாட்டிலைத் தேடி எழுந்து போகிறாள். இருட்டில் அம்மாவின் குரல் கேட்கிறது.

"இரு கண்ணு, ஆத்தாளும் வர்றேன்."