மூன்றாம் ஆண்டில் என்ன ஆகிறது?

மருத்துவம் படிக்க வரும்போது இருக்கும் பரிவு படிக்கப் படிக்கக் குறைகிறது என்றால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். 2009-ல் அமெரிக்காவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் ஹோஜத் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் சொன்னது. முதல் இரண்டு ஆண்டுகள் பெரிய மாற்றமில்லை, மூன்றாம் ஆண்டில் சரிவு. அங்கே மூன்றாம் ஆண்டுதான் வார்டுக்குள் நுழைந்து நோயாளிகளோடு முழுநேரம் பழகத் தொடங்கும் ஆண்டு!

கல்நெஞ்சம் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். தூக்கமில்லாத டியூட்டி, எல்லார் முன்னாலும் கத்தும் சீனியர், ஆளின் பெயரை விட்டுவிட்டு '12-ம் நம்பர் பெட், லிவர் கேஸ்' என்றே பேசும் பழக்கம், இத்தனைக்கும் நடுவில் இருபதுகளில் இருக்கும் பிள்ளை முதலில் தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும்.

சரி, அந்த ஆய்வில் பரிவை அளந்த அளவுகோல் 20 கேள்விகளுக்கு மாணவர்களே தங்களைப் பற்றிப் பதில் எழுதுவது. அதனால் குறைந்தது பரிவா, 'நான் ரொம்பப் பரிவானவன்' என்ற நினைப்பா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பின்னால் வந்த ஆய்வுகளும் ஒரே மாதிரி சொல்லவில்லை.

ஆனால் ரவுண்ட்ஸில் சீனியர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பேசினால், மறுநாள் மாணவர்களும் ஸ்டூலைத் தேடுகிறார்கள்.