பாகப்பிரிவினை வழக்கும் கொஞ்சம் லத்தீனும்

அம்மாவின் பங்குக்காகப் போட்ட பாகப்பிரிவினை வழக்கு சப் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தபோதே, பெரிய மாமா ரோட்டோரத் துண்டை வெளியாள் ஒருவருக்குக் கிரயம் செய்துவிட்டார். பதறிப்போய் வக்கீலுக்கு போன் போட்டால், "லிஸ் பெண்டன்ஸ் அடிக்கும் சார், விடுங்க" என்று வைத்துவிட்டார்.

என்ன அடிக்கும், யாரை அடிக்கும்? மறுநாள் அவருடைய குமாஸ்தாவைப் பிடித்தேன். "வார்த்தையை விடுங்க, எந்த செக்‌ஷன்னு கேளுங்க" என்றார். அந்த ஒரு யோசனைதான் கடைசிவரை கைகொடுத்தது.

லிஸ் பெண்டன்ஸ் என்றால் லத்தீனில் 'நிலுவையில் உள்ள வழக்கு'. அதற்கான செக்‌ஷன், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 52. வழக்கு நடக்கும்போது விற்றால் கிரயம் செல்லாது என்று அதில் இல்லை. நான் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கிரயம் நிற்கும். ஆனால் தீர்ப்பு மாமாவை எப்படிக் கட்டுப்படுத்துமோ, வாங்கியவரையும் அப்படியே கட்டுப்படுத்தும். 'வழக்கு இருப்பது தெரியாது' என்று அவர் சொன்னாலும் எடுபடாது. அந்தத் துண்டு மாமாவின் பங்கில் விழுந்தால் வாங்கியவர் தப்பித்தார். அம்மா பங்கில் விழுந்தால் மாமாவிடம்தான் பணத்தைக் கேட்க வேண்டும். பாவம், அவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். நிலுவையில் உள்ள வழக்கு அதில் பெரும்பாலும் வராது. கோர்ட் வழக்கு விவரங்கள் இருக்கும் இகோர்ட்ஸ் இணையதளத்தில் மாமா பெயரைப் போட்டுத் தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.

சின்ன மாமா கோர்ட் பக்கமே வரவில்லை, எக்ஸ் பார்ட்டி ஆனார், அதாவது அவர் இல்லாமலே வழக்கு நடந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் எதிராளி வராவிட்டாலும் நம் தரப்பை நாம்தான் நிரூபிக்க வேண்டும்: பிரமாண வாக்குமூலம், பத்திரங்கள், எல்லாமே. தீர்ப்பு வந்த பிறகும் 30 நாளைக்குள் அதை ரத்து செய்யச் சொல்லி அவர் மனுப் போடலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 9, விதி 13. நல்லவேளை, போடவில்லை.

யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை வந்ததும் பெரிய மாமா அப்பீலுக்குப் போய்த் தடை வாங்குவார் என்று பேச்சு அடிபட்டது. உடனே மாவட்ட நீதிமன்றத்தில் கேவியட் போட்டோம், அதாவது எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்கூட்டிய மனு. அதே உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 148ஏ. நகலை மாமாவுக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்ப வேண்டும். 90 நாள்தான் உயிர், அப்புறம் புதிதாகப் போட வேண்டும்.

இப்போது பங்கை நிலத்தில் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணைக்கான மனு ஓடுகிறது. நிலத்தை அளக்க, கோர்ட் நியமித்த வக்கீலான அட்வகேட் கமிஷனரும் சர்வேயரும் சேர்ந்து வர வேண்டும். இருவருக்கும் ஒத்துவரும் தேதிதான் இன்னும் கிடைக்கவில்லை.