நின்ற ஃபேன் கிளம்ப வேண்டும்

கோவை கணபதியில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்தபோது, மூலிகை உலர்த்தும் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே காற்றைச் சுழற்ற 35 வாட் ஷேடட் போல் மோட்டார் (சின்ன ஃபேன்களில் வரும் எளிய ஏசி மோட்டார்). காய்ந்த இலையெல்லாம் தட்டை விட்டுப் பறந்தது. "வேகத்தைக் கொஞ்சம் கொறச்சுக் குடுங்க தம்பி" என்றார் பெட்டிக்காரர். பல்புக்குப் போடும் டிம்மரை வாங்கி மாட்டினேன். லேசாக உறுமியது, ஆனால் வேகம் குறைந்தது. கொடுத்தனுப்பிவிட்டேன்.

நான்காம் நாள் வைண்டிங் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) கருகித் திரும்பி வந்தது.

ராத்திரி கரண்ட் போய் வந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனை அந்தக் குறைந்த வோல்டேஜ் ஓட்டிவிடும், நின்றதைக் கிளப்பாது. வோல்டேஜ் பாதியானால் கிளம்பும் விசை கால்வாசிதான். சுற்றாத மோட்டாருக்குத் தன்னைக் குளிர்விக்கும் காற்றும் கிடையாது. விடிய விடிய வெந்திருக்கிறது. பெட்டிக்காரர் திட்டவில்லை, ஒரு பெட்டி இலை போச்சு என்று மட்டும் சொன்னார். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

இந்த மோட்டாரின் வேகத்தை முதலில் முடிவு செய்வது கரண்டின் 50 ஹெர்ட்ஸும் போல்களின், அதாவது காந்த முனைகளின், எண்ணிக்கையும். நான்கு போல் என்றால் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்றுக் கீழே. வோல்டேஜைக் குறைத்தால் பிடி தளர்ந்து ஸ்லிப், அதாவது அந்த 1500-லிருந்து பின்தங்கும் அளவு, கூடுகிறது, அவ்வளவுதான். வேகம் குறையக் குறைய ஃபேனின் சுமையும் இறங்குவதால் சமாளிக்கிறது. வேகம் குறைந்தாலும் சுமை இறங்காத கன்வேயர் பெல்ட்டில் இதைச் செய்தால் நின்றே போகும்.

"சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி கெப்பாசிட்டரை சீரியஸ்ல போடு கண்ணு, ஆனா மீட்டர் வெச்சுப் பாரு" என்றார் பட்டறை அண்ணன். புது மோட்டாரோடு 4 மைக்ரோஃபாரட் போட்டேன். மோட்டார் முனையில் மீட்டர் 300 வோல்ட்டைத் தாண்டியது! உடனே அணைத்தேன். கரண்ட் மாறுவதை எதிர்க்கும் வைண்டிங்கின் இண்டக்டன்ஸும் கெப்பாசிட்டரும் ஒன்றையொன்று ஈடுகட்டி வோல்டேஜை ஏற்றிவிட்டன. மீட்டர் வைக்காமல் மூடியிருந்தால் இரண்டாவது மோட்டாரும் போயிருக்கும். 2.2 மைக்ரோஃபாரட் போட்டதும் 180 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றது. உறுமலும் இல்லை.

கிளம்புவதற்கு ஒரு டைமர் ரிலே வைத்தேன். கரண்ட் வந்ததும் பத்து வினாடி நேரடியாக 230 வோல்ட், அதன் பிறகுதான் கெப்பாசிட்டர் வழி. மறுநாள் காலை, மோட்டார் நன்றாகக் குளிர்ந்திருந்தபோது, மெயினை இருபது தடவை அணைத்து அணைத்துப் போட்டேன். இருபது தடவையும் ஃபேன் கிளம்பியது. அதன் பிறகே பெட்டிக்காரருக்குப் போன் செய்தேன்.