போட்டுக்கு ஒரு பெட்டி

முல்லைத்தீவுக்கு வந்த புதிதில் வட்டாப்பளைப் பொங்கலுக்குப் போயிருந்தோம். தங்கச்சி மகள் சட்டையைப் பிடித்து இழுத்து, “மாமா, கச்சான் வாங்கித் தாங்கோ” என்றாள். நான் மேற்கே திரும்பி வானத்தைப் பார்த்தேன். தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கச்சான் என்றால் மேல்காற்று. இங்கே அது வேர்க்கடலை.

அப்பாவும் அம்மாவும் 1990இல் படகேறி இராமேஸ்வரம் போனவர்கள். ஊருக்குத் திரும்புகிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். எனக்கோ அது கண்ணால் பார்த்திராத நாடு. நான் தமிழ்நாட்டுப் பேச்சில் ‘அப்புறம்’ என்று சொன்னாலே, மீனவர் தங்கும் கரைக் கொட்டிலான வாடியில் சிரிப்பார்கள்.

சித்தப்பா ஒரு பழைய 14 அடி பைபர் போட்டைத் தந்தார். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறியது. சரி, இயந்திரத்தைக் கழற்றிவிட்டுப் பாய் கட்டுவோம் என்று இறங்கினேன். நீலத் தறப்பாளை நைலோன் நூலால் இரட்டைத் தையல் போட்டேன். சவுக்குக் கம்புதான் பாய்மரம். அதன் அடிக்கட்டையைப் போட்டின் தரையில் வைத்து ரெசின் பசை பூசி பைபர் மாட் ஒட்டினேன். உச்சி வெயிலில் செய்ததால் ரெசின் டப்பாவுக்குள்ளேயே இறுகிப்போனது. மறுபடி விடியற்காலையில் செய்தேன்.

“உதென்ன தம்பி, பந்தலோ?” என்றார் பக்கத்து வாடி அண்ணை.

அவர் கேட்டதில் தப்பில்லை. முதல் நாள் போட் முன்னே போகவில்லை. நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தது. தட்டையான அடி, காற்று தள்ளும் பக்கம் வழுக்கும். அப்போதுதான் பாக்கு நீரிணையில் ஓடும் வத்தை என்ற பாய்ப் படகுகளின் பக்கப்பலகை நினைவுக்கு வந்தது. பழைய கதவை அறுத்து ஒரு பலகை செய்து, காற்று போகும் பக்கமாகக் கயிற்றில் தொங்கவிட்டேன். பாயைத் திருப்பினால் பலகையையும் மறுபக்கம் மாற்ற வேண்டும். ஆழமில்லாத இடத்தில் கயிற்றை இழுத்தால் மேலே வந்துவிடும்.

வாடைக்காற்று கிளம்பினால் கடல் ஆகாது, நந்திக்கடல் நீரேரிக்குள் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் போட்டைத் தூக்க ஆள் தேட முடியுமா? “போட்டுக்கு ஒரு பெட்டி செய்” என்றார் சித்தப்பா. எதை வைத்துப் பூட்ட என்று முழித்தேன். இங்கே உழவு மிசின் இழுக்கும் வண்டிக்குத்தான் பெட்டி என்று பெயர்!

ரயர் போட்ட பழைய மாட்டுவண்டியின் அச்சில் இரும்புச் சட்டம் ஒட்டி, லான்ட்மாஸ்டர் உழவு மிசினில் கொளுவினேன். ஒரு மாதத்தில் பெயரிங் கீச்சிட்டது. கழற்றினால் துருக் குழம்பு. ஓடிவந்த சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் சக்கரக் குடத்துக்குள் இருக்கும் காற்று சுருங்கி, உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். அதனால் பெட்டியை மிசினோடு இணைக்கும் துலாவை ஆறடி நீட்டினேன், போட் உட்காரும் கட்டைகளில் பிவிசி குழாய் மாட்டினேன். இப்போது அச்சு நனையாமல், கரை விளிம்பிலிருந்தே இரண்டு பேர் தள்ளிவிடலாம். சூடு ஆறும்வரை ஒரு பிளேன் டீ. வீட்டுக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, கிறீஸ்.

போன மாதம் அண்ணை வந்து, என்னிடம் கேட்காமல் பலகையைச் சாண் போட்டு அளந்துகொண்டு போனார். இப்போது அவர் போட்டிலும் ஒன்று தொங்குகிறது. கொஞ்சம் குட்டை. காற்றுக்கு எதிரே வரும்போது இன்னும் நண்டு நடைதான்.