வாய்ச்சொல் அனுமதியும் கலிவரின் கண்களும்

வாளையார் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் புதிதாகக் குடியேறும் தமிழர்கள் 1726இல் வந்த ஜொனாதன் ஸ்விஃப்டின் 'கலிவரின் பயணங்கள்' நாவலைப் படிக்க வேண்டும். குழந்தைகளுக்காகச் சுருக்கியதை அல்ல, முழு நூலை. வேற்றூரில் பிழைக்க வந்த ஒருவர் எப்படிச் சிக்குவார் என்பது, கலிவர் என்ற பயணி ஆறு அங்குல மனிதர்களின் நாடான லில்லிபுட்டில் மாட்டிக்கொள்ளும் பகுதியில் அப்படியே இருக்கிறது.

கலிவர்மேல் நான்கு குற்றச்சாட்டுகள். முதலாவது, அரண்மனை எல்லைக்குள் சிறுநீர் கழித்தது. பேரரசியின் மாளிகை எரிகிறது. ஊரார் தந்த வாளிகளோ அவருக்குத் தையல்காரரின் விரலுறை அளவு. வேறு வழியின்றிச் சிறுநீராலேயே மூன்று நிமிடத்தில் தீயை அணைத்தார். எதிரிநாடான பிளெஃபஸ்குவின் மிச்சக் கப்பல்களையும் பிடித்து அந்நாட்டை அடிமையாக்க மறுத்தது இரண்டாவது. அதன் தூதர்களுக்கு உதவியது மூன்றாவது. வாய்மொழி அனுமதியை மட்டும் நம்பி அங்கே போகத் தயாரானது நான்காவது.

தண்டனை, இரண்டு கண்களையும் பறிப்பது. பிறகு சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சாகவிடுவது. நிதியமைச்சர் ஃபிளிம்னாப்பும் கடற்படைத் தலைவர் போல்கோலமும் மரணமே கேட்டார்கள். கண்ணைப் பறித்தால் போதும் என்றவர் கலிவரின் நண்பரான அமைச்சர் ரெல்ட்ரெசல். அதற்குப் பெயர் கருணை. பட்டினி வந்தது குற்றத்தின் கனத்தால் அல்ல, தீனிச் செலவால். மெலிந்து செத்தால் பிணநாற்றம் குறையும் என்பதுவரை சபையில் கணக்குப் போடுகிறார்கள்.

இது பொருந்தாத தண்டனை. அந்நாட்டுச் சட்டப்படியே பொருந்தாது: லில்லிபுட்டில் நன்றி மறப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். எதிரியின் 50 போர்க்கப்பல்களை இழுத்துவந்து கொடுத்தவருக்கு இதுவா கைம்மாறு? அவர்களை உறுத்தியது இரண்டாவது குற்றச்சாட்டுதான். ஒரு நாட்டை அடிமையாக்க மறுப்பது குற்றமே இல்லை.

ஆனால் முதலாவதும் நான்காவதும் நின்றதற்குக் காரணம், கலிவர் கையில் காகிதம் இல்லாதது. தீயை அணைத்தபின், முறைப்படி மன்னிப்பு வழங்கச் சொல்வதாகப் பேரரசர் செய்தி அனுப்பினார். அந்த ஆணை கடைசிவரை வரவில்லை. அரச முத்திரையிட்ட உரிமம் இல்லாமல் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்பது, கைதியாக இருந்த அவரை விடுவித்தபோது விதித்த நிபந்தனைகளில் முதலாவது. அதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டிருந்தார்.

அதனால் அரசு அலுவலகத்தில் 'சரியாக்காம்' (சரிசெய்துவிடலாம்) என்று மலையாளத்தில் சொன்னதும் திரும்பிவிடாதீர்கள். மனுவை எழுத்தில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மலையாளம் எழுத வராவிட்டாலும் பரவாயில்லை. மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. பதில் மலையாளத்தில் வந்தால், அந்தச் சட்டத்தைச் சுட்டி இன்னொரு மனு கொடுங்கள். அதன் நகலிலும் முத்திரை வாங்குங்கள்.